ஒரே சர்வர், ரெண்டு விலாசம்: பல டொமைன்களுக்கு மெயில்பாக்ஸ் அமைப்பது எப்படி?



காரைக்குடியில ஒரு பெரியவர்கிட்ட போய் "நான் ராமநாதன்"னு சொல்லிப் பாருங்க. "எந்த ராமநாதன்?"னுதான் அடுத்த கேள்வி வரும். நகரத்தார் வீடுகள்ல தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிறது வழக்கம். அதனால அதே பேருகள் தலைமுறை தலைமுறையா திரும்பத் திரும்ப வந்துகிட்டே இருக்கும். யார் எந்த வீடுன்னு பிரிச்சுக் காட்டுறது பேருக்கு முன்னாடி வர்ற எழுத்துகள்தான். அதுக்கு 'விலாசம்'னு பேரு. பர்மா, மலாயா, இலங்கைன்னு கொண்டுவிக்கப் போன காலத்துல முதலாளி ஊர்ல இருப்பார், ஏஜெண்ட் கடல் தாண்டி இருப்பார். கணக்கு வழக்கெல்லாம் அந்த விலாசத்துல நடக்கும். பேரு ஒண்ணா இருந்தாலும் விலாசம் வேறன்னா பணம் வேற, பொறுப்பு வேற.

மெயில் சர்வர்லயும் இதே கதைதான். ஒரே சர்வர்ல ரெண்டு டொமைனுக்கு மெயில் வைக்கிறப்போ, நம்மாளுங்க பண்ணுற தப்பு பெரும்பாலும் ஒண்ணேதான்: பேரை மட்டும் பார்த்துட்டு விலாசத்தை விட்டுடுறது. இந்தப் பாடம் முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பத்தித்தான். கமாண்டுகளை வரி வரியா இங்க தரப்போறதில்ல, அது மேனுவல்ல இருக்கு. எந்த செட்டிங் எதுக்காக, எங்க தப்பு நடக்கும், எப்படிச் சோதிக்கிறதுன்னு பார்ப்போம்.

நம்ம உதாரணம்

ரெண்டு கடைன்னு வெச்சுக்குவோம். ஒண்ணு கண்டாங்கி சேலை விக்கிற கடை. இன்னொண்ணு தேன்குழல், கைமுறுக்கு, மாவுருண்டைன்னு கல்யாண ஆர்டர் எடுக்கிற ஒரு ஆச்சியோட பலகாரக் கடை. ரெண்டு பேருக்கும் நீங்கதான் வெப்சைட் பண்ணிக் குடுத்தீங்க. செலவு குறையணும்னு ஒரே சர்வர்ல வெச்சிருக்கீங்க. இப்போ ரெண்டு பேரும் மெயில் கேக்குறாங்க. இந்தப் பாடத்துக்காக அவங்க டொமைன்கள் 'சேலை.பரிட்சை', 'பலகாரம்.பரிட்சை'ன்னு இருக்கட்டும்.

அது என்ன 'பரிட்சை'? 2007 அக்டோபர்ல ஐகேன் அமைப்பு, ஆங்கிலம் அல்லாத எழுத்துகள்ல டொமைன் வேலை செய்யுமான்னு பார்க்க 11 சோதனை டொமைன்களை இன்டர்நெட்டோட ரூட்ல சேர்த்தாங்க. தமிழுக்கு வந்தது 'உதாரணம்.பரிட்சை'. 2013ல அதையெல்லாம் எடுத்துட்டாங்க. இப்போ யாருக்கும் சொந்தமில்லாததால பாடத்துக்கு வசதி.

ரெண்டு கடைக்காரங்களும் கேக்குறது ஒரே பேருதான்: 'தகவல்'. அதாவது தகவல்@சேலை.பரிட்சை, தகவல்@பலகாரம்.பரிட்சை. இங்கதான் பிரச்சினை ஆரம்பிக்குது. சிங்கப்பூர்ல இருந்து சேலைக்கு வந்த மொத்த விலை விசாரணை ஆச்சியோட பெட்டியில விழலாம். முகூர்த்தத் தேதியோட வந்த பலகார ஆர்டர் சேலைக் கடைக்காரர் பெட்டியில விழலாம். அவர் "நமக்கு வந்ததில்ல"ன்னு அழிச்சுட்டா, கல்யாண வீட்டுக்குப் பலகாரம் போய்ச் சேராது. சர்வர் லாக்ல 'டெலிவர்டு'ன்னு பச்சையா இருக்கும். எரர் எதுவும் வராது. அதனாலதான் இது ஆபத்தான தப்பு.

மெயில் எந்த வழியில வருது?

சுருக்கமா ஒரு தடவை பார்த்துடுவோம். அனுப்புறவரோட சர்வர், '@'க்குப் பின்னாடி இருக்கிற டொமைனை எடுத்து டிஎன்எஸ்ல எம்எக்ஸ் ரெக்கார்டு கேக்கும். "இந்த டொமைனுக்கு வர்ற கடிதத்தை எந்த சர்வர் வாங்கிக்கும்?"ங்கிறதுதான் அந்தக் கேள்வி. பதிலா வர்ற சர்வரோட 25ஆம் போர்ட்டுக்குப் போய் எஸ்எம்டிபி மொழியில பேசி மெயிலைக் குடுக்கும். நம்ம பக்கம் அதை வாங்குறது போஸ்ட்ஃபிக்ஸ். வாங்கினதைப் பெட்டியில போட்டு, படிக்க வர்றவங்களுக்கு ஐமேப் வழியா எடுத்துக் குடுக்கிறது டவ்காட். போஸ்ட்ஃபிக்ஸ் தபால்காரர், டவ்காட் தபால்பெட்டிக்குக் காவல்காரர்னு வெச்சுக்கலாம்.

போஸ்ட்ஃபிக்ஸை எழுதினவர் வீட்சே வெனிமா. ஐபிஎம்ல இருந்தப்போ எழுதி 1998ல வெளியிட்டார். டவ்காட் பின்லாந்துக்காரர் டிமோ சிராய்னனோடது, 2002ல வந்துச்சு. ரெண்டும் திறந்த மூல மென்பொருள். உங்க லேப்டாப்ல ரெண்டு விர்ச்சுவல் மெஷின் போட்டு இன்னைக்கே பழகலாம்.

படி 1: டிஎன்எஸ்

சர்வருக்குன்னு தனியா ஒரு பேரு வைங்க. அது எந்தக் கடைக்கும் சொந்தமில்லாத பேரா இருந்தா நல்லது. 'அஞ்சல்.பரிட்சை'ன்னு வெச்சுக்குவோம். அதுக்கு ஏ ரெக்கார்டுல ஐபி குடுங்க. ரெண்டு டொமைனோட எம்எக்ஸும் இந்த ஒரே பேரைக் காட்டட்டும். எம்எக்ஸ்ல ஐபி எண்ணை நேரா எழுதக்கூடாது, சிநேம் ரெக்கார்டையும் காட்டக்கூடாது. ஏ ரெக்கார்டு உள்ள பேருதான் இருக்கணும்.

ஐபியில இருந்து பேரைக் கண்டுபிடிக்கிற பிடிஆர் ரெக்கார்டுல நிறைய பேர் குழம்புவாங்க. "டொமைன் ரெண்டு, அப்போ பிடிஆரும் ரெண்டா?" இல்ல. பிடிஆர் சர்வரோட அடையாளம், கடையோடது இல்ல. ஒரு ஐபி, ஒரு பேரு: அஞ்சல்.பரிட்சை. அதே மாதிரி டிஎல்எஸ் சான்றிதழும் சர்வர் பேருக்கு ஒண்ணு எடுத்தாப் போதும். ரெண்டு கடைக்காரங்களும் போன்ல மெயில் செட் பண்ணும்போது சர்வர் இடத்துல அஞ்சல்.பரிட்சைன்னே போடட்டும்.

படி 2: வாங்குற இடம்

இதுதான் பாடத்தோட நடு இடம். நிதானமா படிங்க.

ஒரு டொமைனை போஸ்ட்ஃபிக்ஸ் 'நம்மளுது'ன்னு ஏத்துக்கிறதுக்குப் பல வழி இருக்கு. நமக்கு மூணு தெரிஞ்சாப் போதும்.

முதல் வழி, 'மைடெஸ்டினேஷன்' பட்டியல். இதுல இருக்கிற டொமைன்களுக்கு வர்ற மெயிலை போஸ்ட்ஃபிக்ஸ் லினக்ஸ் யூசர் கணக்குல போடும். போடும்போது '@'க்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பார்க்காது. பட்டியல்ல ரெண்டு டொமைன் இருந்தா, ரெண்டு 'தகவல்'லும் ஒரே லினக்ஸ் யூசர்தான். ரெண்டு கடையோட கடிதமும் ஒரே பெட்டி.

ரெண்டாவது, 'விர்ச்சுவல் அலையஸ் டொமைன்ஸ்'. இங்க பெட்டி கிடையாது. வர்றதை வேற முகவரிக்குத் திருப்பி விடும், அவ்வளவுதான்.

மூணாவது, 'விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்ஸ்'. இங்க முழு முகவரியையும் பார்த்துத்தான் பெட்டி. லினக்ஸ் யூசர் கணக்கே வேண்டாம். நமக்கு வேண்டியது இதுதான்.

ஒரு டொமைன் இந்த மூணுல ஒண்ணுலதான் இருக்கணும். ரெண்டு பட்டியல்லயும் போட்டா போஸ்ட்ஃபிக்ஸ் லாக்ல "ரெண்டுலயும் போடாதே"ன்னு எச்சரிக்கும். லாக் படிக்காதவங்களுக்கு அது தெரியாது.

தப்பு எங்க நுழையுதுன்னு கேட்டீங்கன்னா, இன்ஸ்டால் பண்ணும்போதே. டெபியன், உபுண்டுல போஸ்ட்ஃபிக்ஸ் போடுறப்போ 'சிஸ்டம் மெயில் நேம்' என்னன்னு ஒரு நீலத் திரை கேக்கும். நாம ஆர்வத்துல 'சேலை.பரிட்சை'ன்னு அடிச்சு எண்டர் தட்டிடுவோம். அது அப்படியே மைடெஸ்டினேஷன்ல போய் உக்காந்துக்கும். நானும் முதல் தடவை இதைத்தான் பண்ணேன். ஒரு டொமைன் மட்டும் இருந்த வரைக்கும் எல்லாம் ஒழுங்கா ஓடுச்சு. ரெண்டாவது டொமைனையும் அதே பட்டியல்ல சேர்த்தப்போதான் சோதனை மெயில் ரெண்டும் ஒரே பெட்டியில வந்து நின்னுச்சு. அந்த நீலத் திரையில சர்வரோட பேரை மட்டும் குடுங்க, கடைப் பேரைக் குடுக்காதீங்க.

அடுத்து மூணு அட்டவணை வேணும். டொமைன்கள், பெட்டிகள், திருப்பல்கள். ரெண்டு மூணு கடைக்குச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் போதும். நிறைய ஆச்சுன்னா மைஎஸ்கியூஎல் மாதிரி டேட்டாபேஸ்ல வெச்சு, போஸ்ட்ஃபிக்ஸ்அட்மின் மாதிரி ஒரு வெப் பக்கம் வழியா நிர்வகிக்கலாம். ஃபைல்னா ஒவ்வொரு தடவை மாத்தினதும் போஸ்ட்மேப் கமாண்டை ஓட்டணும். இல்லன்னா பழைய அட்டவணையேதான் ஓடிக்கிட்டிருக்கும்.

இங்க கவனிக்க வேண்டியது நாலு:

1. பெட்டிகள் அட்டவணையைக் காலியா விடாதீங்க. காலியா இருந்தா அந்த டொமைன்ல இல்லாத பேருக்கு வர்ற மெயிலையும் போஸ்ட்ஃபிக்ஸ் வாங்கிடும். அப்புறம் போட இடமில்லாம, போலியா போட்டிருக்கிற அனுப்புநர் முகவரிக்குத் திருப்பி அனுப்பும். சம்பந்தமே இல்லாத யாருக்கோ நம்ம சர்வர் குப்பை அனுப்பினதா ஆகும். இல்லாத பேருன்னா வாசல்லயே 550 சொல்லி மறுக்கிறதுதான் சரி.

2. திருப்பல் அட்டவணையில ரெண்டு பக்கமும் முழு முகவரி எழுதுங்க. வலது பக்கம் வெறும் பேரு எழுதினா போஸ்ட்ஃபிக்ஸ் தன்னோட சொந்த டொமைனை ஒட்டிக்கும்.

3. "எந்தப் பேருக்கு வந்தாலும் எனக்கு வரட்டும்"னு கடைக்காரர் கேப்பார். அதுக்குப் பேரு கேட்ச் ஆல். திருப்பல் அட்டவணையைத்தான் போஸ்ட்ஃபிக்ஸ் முதல்ல பார்க்கும். அதனால அங்க கேட்ச் ஆல் போட்டா, அந்த டொமைன்ல இருக்கிற நிஜப் பெட்டிகளுக்கு வர்றதையும் அது விழுங்கிடும். ஸ்பாமும் குவியும். முடிஞ்ச வரைக்கும் வேண்டாம்னு சொல்லுங்க.

4. ஒவ்வொரு டொமைனுக்கும் 'போஸ்ட்மாஸ்டர்' முகவரி கட்டாயம். எஸ்எம்டிபி விதியே அதைச் சொல்லுது. ரெண்டையும் உங்களுக்கே திருப்பிக்கோங்க. தப்பு நடந்தா வெளியில இருக்கிறவங்க அந்தக் கதவைத்தான் தட்டுவாங்க.

படி 3: வைக்கிற இடம்

செட்டிநாட்டு வீட்டை உள்ள போய்ப் பார்த்திருப்பீங்க. ஒரே தலைவாசல், ஒரே வளவு. ஆனா கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை, தனிச் சமையல். மெயில் ஃபோல்டரையும் அப்படித்தான் அமைக்கணும். சர்வர்ல 'விமெயில்'ன்னு ஒரே ஒரு லினக்ஸ் யூசர். அவருக்குக் கீழ டொமைனுக்கு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ஆளுக்கு ஒரு ஃபோல்டர். ஆளோட ஃபோல்டர்ல மெயில்டிர் முறை: கடிதத்துக்கு ஒரு ஃபைல்.

டவ்காட்ல லாகின் பேரு முழு முகவரியா இருக்கணும். 'தகவல்'னு மட்டும் இல்ல, 'தகவல்@பலகாரம்.பரிட்சை'ன்னு. பழைய டுட்டோரியல்கள்ல லினக்ஸ் யூசருக்காக, டொமைனை வெட்டிட்டுப் பேரை மட்டும் எடுக்கச் சொல்லி ஒரு வரி இருக்கும். அதை அப்படியே காப்பி பண்ணீங்கன்னா, படி 2ல சரியா பிரிச்சது இங்க வந்து மறுபடி ஒண்ணாயிடும்.

பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைக்காதீங்க. டவ்காட்டோட சொந்தக் கமாண்டால ஹேஷ் பண்ணி வைங்க. போஸ்ட்ஃபிக்ஸ்ல இருந்து டவ்காட்டுக்கு எல்எம்டிபி வழியா குடுங்க. ஆள் லாகின் பண்றதுக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் டவ்காட்டையே கேட்டுக்கட்டும். பாஸ்வேர்டு ஒரே இடத்துல இருந்தா மாத்துறதும் சுலபம்.

இன்னொரு எச்சரிக்கை. 2025 ஜனவரியில வந்த டவ்காட் 2.4ல கான்ஃபிக் எழுதுற முறை மாறிடுச்சு. 2.3க்கு எழுதின பாடத்தை அதுல ஒட்டினா சர்வர் எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. முதல்ல உங்க வெர்ஷன் என்னன்னு பாருங்க.

படி 4: அனுப்புற இடம்

வர்ற பக்கம் பிரிச்சாச்சு. போற பக்கம்? சேலைக் கடைக்காரர் தன்னோட பாஸ்வேர்டுல லாகின் பண்ணி, அனுப்புநர் இடத்துல ஆச்சியோட முகவரியைப் போட்டு அனுப்பலாமா? எந்தத் தடையும் வைக்கலன்னா போஸ்ட்ஃபிக்ஸ் அனுப்பிடும். அவர் நல்லவராவே இருக்கட்டும். அவரோட பாஸ்வேர்டு திருடு போனா என்ன ஆகும்?

இதுக்கு 'சென்டர் லாகின் மேப்ஸ்'னு ஒரு அட்டவணை இருக்கு. எந்த முகவரியை எந்த லாகின் பயன்படுத்தலாம்னு அதுல எழுதி, பொருந்தலன்னா மறுக்கச் சொல்லணும். ஒண்ணு ஞாபகம் வைங்க: இது உறை மேல இருக்கிற அனுப்புநரை மட்டும்தான் சரிபார்க்கும். உள்ள கடிதத்துல தெரியுற 'ஃப்ரம்' வரியைப் பார்க்காது. அதுக்கு மில்டர் மாதிரி தனிச் சோதனை வேணும்.

அடுத்தது நம்ம மெயிலை ஜிமெயில் மாதிரி பெரிய சர்வர்கள் நம்பணும். அதுக்கு மூணு ரெக்கார்டு. மூணுமே டொமைனுக்கு டொமைன் தனியா எழுதணும்.

எஸ்பிஎஃப்: இந்த டொமைன் பேர்ல மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு உரிமை இருக்குங்கிற பட்டியல். டொமைனுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும். ரெண்டு எழுதினா ரெண்டும் செல்லாது.

டிகிம்: கடிதத்துல டிஜிட்டல் கையெழுத்து. சாவி ஜோடி உருவாக்கி, பொதுச் சாவியை டிஎன்எஸ்ல வைக்கணும். 2048 பிட் சாவி நீளமா இருக்கும். டிஎக்ஸ்டி ரெக்கார்டுல ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் வரம்பு, அதனால துண்டு துண்டா பிரிச்சு எழுதுங்க.

டிமார்க்: மேல சொன்ன ரெண்டும் தோத்தா என்ன பண்ணணும்னு நாம சொல்ற உத்தரவு. முதல்ல 'எதுவும் பண்ணாதே, ரிப்போர்ட் மட்டும் அனுப்பு'ன்னு ஆரம்பிச்சு, எல்லாம் சரின்னு தெரிஞ்சப்புறம் கடுமையாக்குங்க.

"ஒரே சர்வர்தானே, ஒரே டிகிம் சாவியில ரெண்டு கடைக்கும் சேலை.பரிட்சைன்னே கையெழுத்து போட்டா என்ன?"ன்னு தோணும். கையெழுத்து செல்லும். ஆனா டிமார்க், கையெழுத்துல இருக்கிற டொமைனும் ஃப்ரம் வரியில இருக்கிற டொமைனும் பொருந்துதான்னு பார்க்கும். ஆச்சி அனுப்பினதுல சேலைக்கடை முத்திரை இருந்தா டிமார்க்குக்கு அந்தக் கையெழுத்து இல்லாத மாதிரிதான். 2024 பிப்ரவரியில இருந்து ஜிமெயிலும் யாஹூவும் இந்த விதிகளை இறுக்கிட்டாங்க. ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5000க்கு மேல அனுப்புறவங்களுக்கு மூணும் கட்டாயம். கம்மியா அனுப்புறவங்களுக்கும் எஸ்பிஎஃப் இல்லன்னா டிகிம், கூடவே சரியான பிடிஆர் வேணும்.

படி 5: சோதனை

கடைக்காரர்கிட்ட குடுக்கிறதுக்கு முன்னாடி இந்த அஞ்சையும் செஞ்சு பாருங்க.

1. ரெண்டு 'தகவல்' முகவரிக்கும் வேற வேற வாசகத்தோட ஒரு மெயில். ரெண்டு பெட்டியையும் திறந்து பாருங்க. லாக்ல டெலிவர்டுன்னு வந்தா மட்டும் நம்பாதீங்க.
2. இல்லாத ஒரு பேருக்கு வெளியில இருந்து மெயில். 550 வரணும்.
3. சேலைக்கடை லாகின்ல ஆச்சி முகவரி போட்டு அனுப்பிப் பாருங்க. 553 வரணும்.
4. லாகின் பண்ணாம, வெளி முகவரியில இருந்து இன்னொரு வெளி முகவரிக்கு உங்க சர்வர் வழியா அனுப்பப் பாருங்க. 'ரிலே ஆக்சஸ் டினைடு'ன்னு மறுப்பு வரணும். வரலன்னா சர்வரை உடனே நிறுத்துங்க. உலகத்துல இருக்கிற ஸ்பாமர் எல்லாருக்கும் அது திறந்த வீடு.
5. ரெண்டு டொமைன்ல இருந்தும் ஜிமெயிலுக்கு ஒண்ணொண்ணு அனுப்பி, 'ஷோ ஒரிஜினல்' பக்கத்துல மூணு சோதனையும் 'பாஸ்' ஆகுதா, டொமைன் பேரு சரியா இருக்கான்னு பாருங்க.

சொந்த சர்வர் இல்லன்னா?

உண்மையைச் சொல்லணும்னா, வீட்டு பிராட்பேண்ட்ல மெயில் சர்வர் நடத்துறது கஷ்டம். ஐபி மாறிக்கிட்டே இருக்கும், பிடிஆர் நம்ம கையில இருக்காது. கூகுள் கிளவுட், அமேசான் ஈசி2 மாதிரி இடங்கள்லயும் வெளியே போற 25ஆம் போர்ட்டை அவங்களே அடைச்சு வெச்சிருப்பாங்க. சின்னக் கடைக்கு ஜோஹோ மெயிலோ கூகுள் வொர்க்ஸ்பேஸோ எடுத்துக் குடுக்கிறதுல தப்பே இல்ல.

ஆனா பாடம் அங்கேயும் விடாது. கூகுள் வொர்க்ஸ்பேஸ்ல இன்னொரு டொமைன் சேர்க்கப் போனா ரெண்டு வழி கேக்கும். 'அலையஸ் டொமைன்'னா இருக்கிற ஆளுங்களுக்கே ரெண்டாவது டொமைன்லயும் ஒரு முகவரி, பெட்டி ஒண்ணுதான். 'செகண்டரி டொமைன்'னா தனி ஆளுங்க, தனிப் பெட்டி. ஒரே கடைக்கு ரெண்டு டொமைன்னா முதலாவது சரி. ரெண்டு கடைக்குன்னா ரெண்டாவதுதான். படி 2ல பார்த்த அதே கேள்விதான் இங்க வேற உடுப்புல வருது.

தமிழ் முகவரி வேலை செய்யுமா?

இந்த உதாரணத்துல வர்ற மாதிரி முழுக்கத் தமிழ்லயே முகவரி வைக்க முடியுமா? விதிப்படி முடியும். 2012 பிப்ரவரியில அதுக்கான ஆர்எஃப்சிகள் வந்தாச்சு. ஜிமெயில் 2014லயே இந்த மாதிரி முகவரிகளோட மெயில் பரிமாற ஆரம்பிச்சுது. போஸ்ட்ஃபிக்ஸ் 2015ல வந்த 3.0ல இதைச் சேர்த்தாங்க. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர்னு தமிழ் டொமைன்களும் இருக்கு.

சிக்கல் '@'க்கு முன்னாடி இருக்கு. டொமைனை பியூனிகோட் முறையில ஆங்கில எழுத்தா மாத்தி டிஎன்எஸ்ல கேக்கலாம். 'தகவல்'ங்கிற பேருக்கு அப்படி மாத்துற வழி கிடையாது. வழியில இருக்கிற எல்லா சர்வரும் அதைப் புரிஞ்சுக்கணும். ஒண்ணு மறுத்தாலும் கடிதம் திரும்பிடும். அதனால தமிழ் முகவரி வைங்க, கூடவே அதே பெட்டிக்கு ஆங்கில எழுத்துல ஒரு திருப்பலும் வைங்க.

பயிற்சி

ரெண்டு விர்ச்சுவல் மெஷின், ரெண்டு டொமைன், ஒரே பேர்ல ரெண்டு பெட்டி. முதல்ல வேணும்னே ரெண்டு டொமைனையும் மைடெஸ்டினேஷன்ல போட்டு, 'தகவல்'னு ஒரு லினக்ஸ் யூசரும் உருவாக்கி, கடிதம் ஒண்ணாக் கலக்கிறதைக் கண்ணால பாருங்க. அப்புறம் திருத்தி, அஞ்சு சோதனையையும் ஓட்டுங்க. தப்பை ஒரு தடவை லேப்ல பார்த்துட்டா, ஆச்சியோட கல்யாண ஆர்டர்ல அதைப் பார்க்க வேண்டியிருக்காது.

வாங்குற இடம், வைக்கிற இடம், அனுப்புற இடம். மூணு இடத்துலயும் கேளுங்க: "பேரு சரி, விலாசம் என்ன?"